பெரியம்மாவின் கோடு

கட்கி, புனே
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான எஸ்தர் அக்காவுக்கு,

தங்கை மில்ட்ரெட்டின் ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் மூன்று பேரும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆலயப் படி ஏற முடிகிறதா? பாளையங்கோட்டையில் வெயில் தணிந்ததா? இங்கே மழை பிடித்துவிட்டது, துவைத்த துணி எதுவும் காய மாட்டேன் என்கிறது.

போனை விட்டுவிட்டு இது என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களுக்குக் காது மந்தமான பிறகு போனில் நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்தினால் பக்கத்து அறையில் ரியாவுக்குக் கேட்கும். போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால் அவள் என் போனை எடுத்துப் பார்க்கிறாள். நான் யாரோடு பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைக்கிறாள். அது பாதி உண்மையும்கூட. பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். போசரியில் லியோனார்ட் வேலை பார்க்கும் கம்பெனி விலாசத்தைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ரியா மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டாள். ஹிஞ்சேவாடியில் நல்ல கம்பெனி, வாசலுக்கே வண்டி வரும். கூட வேலை செய்யும் பெண் ஒருநாள் இவளை விட்டுவிட்டு மற்றவர்களோடு சாப்பிடப் போனாளாம். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். போன மாதம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து நான் வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் சுவரில் இருந்த என் போட்டோ எல்லாம் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அப்புறம் பல நாள் பேச்சில்லை. திடீரென்று ஒரு காலையில் என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிர மாட்டீங்கல்ல மம்மி" என்று அழுகிறாள். இருபத்தாறு வயதுப் பெண், அக்கா.

நல்ல காலம், அவளாகவே டாக்டரிடம் போகலாம் என்றாள். தீப்தி மேடம் என்று ஒரு மனநல நிபுணர். அக்டோபரில் ஒரு குழுச் சிகிச்சை ஆரம்பிக்கிறார். சிலருக்குத்தான் இடம். அதற்கு முன் அவளுடைய குணத்தை மூன்று பேர் சொல்லி அளக்க வேண்டுமாம். அவள், நான், சின்ன வயதில் அவளை நன்றாகத் தெரிந்த ஒருவர். நான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த வருஷங்களில் உங்களிடம்தானே வளர்ந்தாள். யார் பெயர் என்று மேடம் கேட்டதும் அவளே சொன்னாள்: "பெரியம்மாவுக்கு என்னைத் தெரியும். மம்மியைவிட நல்லாத் தெரியும்."

மறுக்காதீர்கள். எங்களுக்கு இந்த ஒரு வழிதான் தெரிகிறது.

உங்கள் ஜெபத்தை எதிர்பார்க்கும்
மில்ட்ரெட்


பாளையங்கோட்டை
20 ஜூன் 2024

அன்புள்ள மில்லிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை, மற்றபடி இந்த உடம்புக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்கவில்லை. உன் வீட்டுக்காரர் லியோனார்டுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை. மறைக்காமல் எழுது.

பெண் கோபப்படுகிறாள் என்றால் அதற்கு ஒரு டாக்டரா? நம் அப்பா சோற்றில் கல் கிடந்தால் தட்டை முற்றத்தில் எறிவார். அவருடைய குணத்தை யாரும் அளக்கவில்லை. ஒரு வேலை போனால் இன்னொரு வேலை. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தங்கராஜ் வாத்தியார் வீட்டில் ரியாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். பையனுக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலை, குடிப்பழக்கம் இல்லை, பாட்டும் பாடுவான். இந்த நேரத்தில் பெண்ணை மனநல டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் வந்தாலும் போதும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. இந்தச் சபையில் யார் வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறார்கள், உனக்குத் தெரியும். என் வாயால் இதுவரை ஒரு பெண்ணுக்கும் சம்பந்தம் தட்டிப்போனதில்லை.

ஆனாலும், மம்மியைவிட நன்றாகத் தெரியும் என்றா சொன்னாள்? அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிவத்தை அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
எஸ்தர்


கட்கி
7 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை லியோனார்ட் டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். நீங்கள் காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறீர்களா?

படிவம் இதோடு இருக்கிறது. தீப்தி மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். முன்பெல்லாம் இன்ன நோய் என்று ஒரு பெயரைச் சொல்லி, அது இருக்கிறது அல்லது இல்லை என்று முடித்துவிடுவார்களாம். இப்போது குணங்களை அளந்து பார்க்கிறார்கள். மனம் சட்டென்று கலங்குவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது, அடுத்தவர் வலியைப் பொருட்படுத்தாதது, யோசிக்காமல் செய்துவிடுவது, எல்லாம் தான் நினைத்த ஒழுங்கிலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். இதெல்லாம் எல்லாரிடமும் உண்டு, குழம்பில் உப்பு மாதிரி. எது எவ்வளவு தூக்கலாக இருக்கிறது, அது வேலையையும் உறவையும் எவ்வளவு கெடுக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி சிகிச்சை. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது போதாது, கூட இருந்தவர்களும் சொல்ல வேண்டும் என்கிறார்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாலு பதில்: துளியும் இல்லை, கொஞ்சம், அடிக்கடி, மிகவும். கடைசியில் உங்கள் பதில்களை ரியாவுக்குக் காட்டலாமா என்று ஒரு கேள்வி உண்டு. அது உங்கள் விருப்பம். முடித்ததும் கூடவே இருக்கும் கவரில் போட்டு ஒட்டி நேரே கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் பார்க்கக் கூடாதாம். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார் மேடம்.

என்னுடையதை நேற்று முடித்தேன். நேற்று எங்களுக்கு நல்ல நாள் இல்லை. அதை மனதில் வைக்காமல் எழுதத்தான் பார்த்தேன். கையில் சின்ன அடி, அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது. மன்னியுங்கள்.

மில்ட்ரெட்


பாளையங்கோட்டை
22 ஜூலை 2024

அன்புள்ள மில்லிக்கு,

அக்காவின் வாழ்த்து. ஒற்றடம் கொடுக்கிறேன், கால்தான் நன்றி மறந்த கால். கையில் என்ன அடி? வெங்காயம் நறுக்கும்போது வேடிக்கை பார்க்கிற பழக்கம் இன்னும் உனக்குப் போகவில்லையா?

படிவத்தை நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். எவ்வளவு கேள்வி! திருச்சபையின் டயோசீஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. இந்தப் படிவத்தை ஒருநாள் யாராவது எடுத்துப் பார்த்தாலும் நம் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கீழே விழக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். 'ஆட்களோடு பழகாமல் ஒதுங்கியிருப்பாள்' என்று ஒரு வாக்கியம். மிகவும் என்று போட்டேன். ஊர் சுற்றாத பெண் என்று இதைவிட எப்படிச் சொல்வது? 'பொருட்கள் வைத்த இடத்தில் இல்லையென்றால் நிம்மதி இழப்பாள்.' அதற்கும் மிகவும். வீட்டை ஒழுங்காக வைக்கிற பெண்ணை யார் வேண்டாம் என்பார்கள்? கோபத்தில் கட்டுப்பாடு இழப்பாள், காரணமில்லாமல் அழுவாள், தன்னையே வருத்திக்கொள்வாள் என்று இருந்ததற்கெல்லாம் துளியும் இல்லை, துளியும் இல்லை, துளியும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. 'தான் நேசிப்பவர்கள் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயப்படுவாள்.' மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து அதற்கும் அதையே போட்டேன்.

ரியாவுக்குக் காட்டலாமா என்ற கேள்விக்குத் தாராளமாக என்று எழுதிவிட்டேன். பார்க்கட்டும் பிள்ளை. அவளைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாக வேறு யார் எழுதுவார்கள்?

தங்கராஜ் வாத்தியார் ரியாவின் போட்டோ கேட்கிறார். சேலை கட்டியது ஒன்று அனுப்பு.

அன்புடன்
எஸ்தர்


போசரி, புனே
18 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

லியோனார்டின் வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். மில்ட்ரெட் எழுத முடியாத நிலையில் நான் கம்பெனியிலிருந்து எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் இரண்டு விரல் முறிந்திருக்கிறது. முதலில் சாதாரண வீக்கம் என்று விட்டுவிட்டோம். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் படிவம் கிளினிக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூன்றையும் வைத்துப் பேச அடுத்த மாதம் ரியாவையும் மில்ட்ரெட்டையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போட்டோ இப்போது வேண்டாம் என்று மில்ட்ரெட் சொல்லச் சொன்னாள். தவறாக நினைக்க வேண்டாம். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை, மதினி. வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தங்கள்
லியோனார்ட்


கட்கி
29 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். படியில் விழுந்த கை இவ்வளவு சீக்கிரம் சேர்ந்ததே பெரிது. உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கேட்க மனம் இல்லாமல் அல்ல, இதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனோம். தீப்தி மேடம் ஒரு தாளில் மூன்று கோடு போட்டு வைத்திருந்தார். குணங்கள் வரிசையாகக் கீழே, அளவு பக்கவாட்டில். நீலம் ரியா தன்னைப் பற்றிச் சொன்னது. சிவப்பு நான் சொன்னது. பச்சை உங்களுடையது.

என் கோடு எல்லா இடத்திலும் உச்சியில் நின்றது, அக்கா. நான் அந்த நாளில் எழுதியிருக்கக் கூடாது. ரியாவின் கோடு ஏறியும் இறங்கியும் போனது. மனம் கலங்குவதில், யோசிக்காமல் செய்வதில், தனித்துவிடப்படும் பயத்தில் அவளே தன்னை மேலே வைத்திருந்தாள். தன்னைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறவர்கள் குறைவு என்று மேடம் அவளைப் பாராட்டினார். உங்கள் கோடு, அவளுடையது ஏறும் இடத்தில் எல்லாம் தரையோடு கிடந்தது. ஒதுங்கியிருப்பதிலும் ஒழுங்கிலும் மட்டும் மேலே போய் நின்றது. அந்த இரண்டும் ரியாவுக்குக் கொஞ்சம்தான்.

மேடம் நிதானமாகத்தான் சொன்னார். ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், பாசத்தில் வந்த பதில் இது, இதைத் தனியாக வைத்துவிட்டு மேலே போகலாம் என்றார். ரியா சிரித்தாள். "மம்மிக்கு நான் பேய், பெரியம்மாவுக்கு நான் பொம்மை" என்றாள். அதோடு போயிருக்கும். ஆனால் தனித்துவிடப்படும் பயம் என்ற கேள்விக்குப் பெரியம்மா என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கக் கேட்டாள். நீங்கள் அனுமதி கொடுத்திருந்ததால் மேடம் காட்டினார்.

அந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, "ஊக்குகூட மறந்துபோச்சா பெரியம்மாவுக்கு?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, மேடத்திடமும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டாள். நாங்கள் வெளியே வருவதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டாள்.

அது என்ன ஊக்கு, அக்கா? எனக்குத் தெரியாது. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று. அன்று முதல் அவள் என்னிடம் கோபப்படவில்லை, அழவில்லை, ஒன்றுமே இல்லை. கத்தினால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

பதில் போடுங்கள்.

மில்ட்ரெட்


கட்கி
3 நவம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. லியோனார்ட் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார், ஒன்றும் வரவில்லை என்று.

ரியா வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஹிஞ்சேவாடியில் பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் இருக்கிறாள். புது வேலை ஒன்றும் கிடைத்திருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பெட்டியை அடுக்கினாள், அப்பாவிடம் மாத்திரையை மறக்காதீர்கள் என்றாள், போய்விட்டாள். போனில் எங்கள் இருவர் எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறாள்.

குழுச் சிகிச்சை ஆரம்பமாகிவிட்டது. அவள் இடத்தை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் தீப்தி மேடத்திடம் போய் அழுதேன். வயதுக்கு வந்த பெண், அவள் வந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும், அவளை இழுத்து வர எனக்கு வழியில்லை என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து அந்த பி.ஜி. வாசலுக்குப் போகிறேன். டப்பாவில் மீன் குழம்பும் சோறும். வாட்ச்மேன் மேலே போன் போடுவார், பிறகு, "மேடம் நஹி ஹை, காக்கூ" என்பார், அதாவது மேடம் இல்லை ஆன்ட்டி என்று. அவள் அறையில் விளக்கு எரிவது கீழேயிருந்து தெரியும். டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் அதே டப்பா கழுவித் துடைத்து இருக்கும். அவள்தான் சாப்பிட்டாளா, வாட்ச்மேன் சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எழுதுங்கள், அக்கா.

மில்ட்ரெட்


பாளையங்கோட்டை
17 நவம்பர் 2024

அன்புள்ள மில்லி,

நான் உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, தின்று தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். உன் கடிதத்தை பைபிளுக்குள் வைத்துவிட்டு பைபிளையே திறக்காமல் இருந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

தங்கராஜ் வாத்தியார் மறுபடி வந்தார். பெண் எப்படி என்று அவருடைய மனைவி கேட்டதும் என் வாய் வழக்கம்போல், "தங்கமான பிள்ளை" என்று தொடங்கிவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. மேலே என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கும்போது நான் அழுதுவிட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் போயிற்று. போகட்டும்.

லியோனார்ட் குளியலறை என்றார், நீ படி என்றாய். இரண்டையும் படித்துவிட்டு நான் கேட்காமல் இருந்தேன். நல்லதை மட்டும் சொல்வதும் கேட்காமல் இருப்பதும் நம் குடும்பத்தில் எல்லாருக்கும் கைவந்த கலை. பிள்ளை ஒருத்திதான் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

என் காலைத் தூக்கிக்கொண்டு அங்கே வர எனக்குச் சக்தியில்லை. டாக்டர் ரயிலே ஏறக் கூடாது என்கிறார். இதோடு ரியாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவள் தமிழ் எழுத்தை என்னிடம்தான் படித்தாள், கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். எப்படியாவது அவள் கையில் சேர்த்துவிடு. நீ படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படித்தால் உனக்கு வலிக்கும்.

எஸ்தர்


பாளையங்கோட்டை
17 நவம்பர் 2024

என் ரியாக்கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

ஊக்கை நான் மறக்கவில்லை. உன் மம்மி மஸ்கட்டுக்குப் போன வருஷம், நீ இங்கே வந்தாய். லீவு நாளில் மத்தியானம் என் பக்கத்தில் பாயில் படுப்பாய். உன் பாவாடை நுனியையும் என் சேலைத் தலைப்பையும் சேர்த்து ஊக்கு குத்திக்கொள்வாய். நான் எழுந்தால் உனக்குத் தெரிய வேண்டும். ஒருநாள் தபால்காரர் கூப்பிட்டார் என்று ஊக்கைக் கழற்றிவிட்டுப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் உன் மணிக்கட்டை நீயே கடித்து ரத்தம் வரவைத்திருந்தாய். அழக்கூட இல்லை. அதற்குப் பிறகு நீ விழிக்கும் வரை நான் ஒருநாளும் எழுந்ததில்லை. அடுப்பில் சோறு குழைந்தாலும் எழுந்ததில்லை.

அந்தப் படிவத்தில் கேட்ட கோபமும் அழுகையும் பயமும் உன்னிடம் இருந்தன. கோபம் வந்தால் கண்ணாடி டம்ளரைத் தேடிப் போய் உடைப்பாய். அப்புறம் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாய். அழுகை எப்போது வரும் என்று உனக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருக்கும், யாரிடம் சொல்வது என்று தெரியாது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதினால் உன்னைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுக்குச் சரியாகப் பதில் போட்டேன். அடுத்தவர் வலியைப் பொருட்படுத்த மாட்டாள் என்பதற்குத் துளியும் இல்லை என்று. அது அன்றைக்கும் பொய் இல்லை, இன்றைக்கும் பொய் இல்லை.

நான் உன்னைப் பார்த்திருக்கிறேன், கண்ணு. முழுதாகப் பார்த்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லத்தான் பயந்தேன். வேறு படிவம் கொடுத்தால் முதலிலிருந்து எழுதித் தருகிறேன் என்று அந்த மேடத்திடம் சொல்.

காகிதங்களை ஊக்கால் சேர்த்திருக்கிறேன். பார்த்துப் பிரி.

உன்
பெரியம்மா


கட்கி
29 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், தாமதமாக. உங்கள் கால் எப்படி? பனி நேரம், வெளியே போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை டப்பாவோடு கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் டப்பா மட்டும் திரும்பி வந்தது. படித்தாளா என்று தெரியவில்லை. பண்டிகைக்கு வருவாள் என்று கேக்கை வெட்டாமல் வைத்திருந்தோம். ஆராதனையில் லியோனார்ட் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

நான் அதைப் படித்தேன், அக்கா. பிரித்து, படித்து, அதே துளையில் ஊக்கைக் குத்திக் கொடுத்தேன். நான் மஸ்கட்டிலிருந்து ஒவ்வொரு தரமும் போன் செய்யும்போது நீங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொன்னீர்கள். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். இப்போது யாரைப் போய் என்ன கேட்பது?

ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மில்ட்ரெட்


ஹிஞ்சேவாடி
26 ஜனவரி 2025

பெரியம்மா,

நல்லா இருக்கீங்களா? கால் எப்படி இருக்கு? நான் இருக்கேன். தமிழ் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு, தப்பு இருந்தா விட்டுருங்க. ஒரு ஒரு வரிக்கும் ரொம்ப நேரம் ஆகுது.

உங்க லெட்டரைப் பிரிக்கவே வேணாம்னு அலமாரியில போட்டு வெச்சிருந்தேன். போன வாரம் பிரிச்சேன். படிக்க ரெண்டு நாள் ஆச்சு. படிச்சுட்டு கிளினிக்குக்கு போன் பண்ணேன். அடுத்த குரூப் எப்பன்னு அவங்களுக்கே தெரியல. வந்தாலும் எல்லாம் முதல்ல இருந்து அளக்கணுமாம். மறுபடி மூணு பேர் எழுதணும். பேர் எழுதி வெச்சுக்கிறோம், கூப்பிடுறோம்னு சொன்னாங்க. இன்னும் கூப்பிடல.

நீங்க எழுதினது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க கண்ணாடித் துண்டு எல்லாத்தையும் என்கூட உக்காந்து பொறுக்குவீங்க. அதை நீங்க எழுதல.

ஒண்ணு சொல்லணும். மம்மி கை பாத்ரூம்ல அடிபடல, படியிலயும் அடிபடல. நான் கதவைச் சாத்தினேன். அவங்க வெளிய கிளம்பினாங்க, போகாதீங்கன்னு சொன்னேன், கதவுல கை வெச்சாங்க, சாத்தினேன். கை இருக்கிறது தெரிஞ்சு சாத்தினேனா, தெரியாம சாத்தினேனான்னு எனக்கே தெரியல. தினமும் யோசிக்கிறேன், தெரியல. மம்மி டாக்டர்கிட்டயும் விழுந்துட்டேன்னுதான் சொன்னாங்க. டாடியும் அதையே சொன்னாங்க. என்னைக் காப்பாத்துறாங்களாம். ஞாயித்துக்கிழமை மம்மி கீழ நிக்கும்போது ஜன்னல்ல இருந்து அந்தக் கையைத்தான் பாக்குறேன். டப்பாவை இடது கையிலதான் புடிக்கிறாங்க. இறங்கிப் போகணும்னு இருக்கு. போனா மறுபடியும் ஏதாவது பண்ணிருவேனோன்னு பயமா இருக்கு. மீன் குழம்பு நான்தான் சாப்பிடுறேன்னு மம்மிகிட்ட சொல்லிருங்க.

யாராவது என்னைப் பத்தி விசாரிச்சா நல்லதா எதுவும் சொல்லாதீங்க பெரியம்மா.

ரூம்ல கூட இருக்கிற பொண்ணு லீவுக்கு ஊருக்குப் போயிருக்கா. மத்தியானம் யாரும் இல்ல. உங்க ஊக்கை எடுத்து என் சட்டை நுனியையும் தலையணையையும் சேத்துக் குத்திக்கிட்டுத்தான் படுக்கிறேன். தலையணை எந்திரிச்சுப் போகாது.

ரியா